மழையில் ஊறிய சரிவையே கணக்கிடுங்கள்: நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மலைப்பகுதியில் கட்டுமான அனுமதிகளைப் பரிசீலிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நீலகிரியில் வீட்டுக்கோ விடுதிக்கோ சாலைக்கோ மலைச்சரிவை வெட்ட அனுமதி அளிக்கும் முன், வெட்டிய பின் எஞ்சும் சரிவு மழைநீரில் முழுவதுமாக ஊறிய நிலையிலும் நிற்கும் என்று காட்டும் கணக்கைக் கட்டாயமாக்குமாறு வேண்டி இம்மடலை எழுதுகிறேன். கட்டடத்தின் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. பொக்லைனுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. இவை அவசியமானவை. ஆயினும், கட்டடத்தின் பின்னால் நிற்கும் வெட்டுமுகத்தின் உயரம் என்ன, அதன் மண் எத்தகையது, அதற்குள் நீர் எங்கே தேங்கும் என்ற கேள்விகளுக்கு இவற்றில் விடை இல்லை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து மண் சார்னோக்கைட் பாறை சிதைந்து உருவானது. பல இடங்களில் மேலே செம்பூராங்கல் மண்ணும் அதன் அடியில் வழுவழுப்பான களிமண்ணும் இருக்கின்றன. மேலடுக்கில் விரைந்து இறங்கும் மழைநீர், நீரை எளிதில் விடாத களிமண்ணின் மேல் தேங்கி, மண்துகள்களின் இடைவெளிகளில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது, உராய்வும் குறைகிறது. மண்ணைத் தாங்கும் வலிமையை அதைக் கீழே தள்ளும் விசையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணையே பாதுகாப்புக் காரணி என்கிறோம். அது 1-க்குக் கீழே போனால் சரிவு நிற்காது.

ஒரு மாதிரிக் கணக்கைத் தருகிறேன். 28 பாகைச் சரிவில் 3 மீட்டர் ஆழத்துக்கு மண் இருப்பதாகக் கொள்வோம். உராய்வுக் கோணம் (துகள்களுக்கிடையிலான உராய்வின் அளவு) 30 பாகை, பிணைப்பு (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் வலிமை) 10 கிலோபாஸ்கல், ஒரு கனமீட்டர் மண்ணின் எடை 18 கிலோநியூட்டன். நீரழுத்தம் இல்லாதபோது பாதுகாப்புக் காரணி ஏறத்தாழ 1.53, எந்தப் பொறியாளரும் தயங்காமல் கையெழுத்திடக்கூடிய எண் அது. அதே மண்ணில் நிலத்தடி நீர் மேற்பரப்பு வரை ஏறிச் சரிவுக்கு இணையாக ஓடினால், காரணி 0.94 ஆகிவிடுகிறது. சரிவின் கோணம் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. அதனால்தான் சரிவுக் கோணத்தை மட்டும் பார்க்கும் வரைபடத்தைக் கொண்டு ஒரு மனையைப் பாதுகாப்பானது என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறேன்.

இது வெட்டப்படாத சரிவின் கணக்கு. சரிவின் அடியை வெட்டும்போது மேலிருக்கும் மண்ணைத் தாங்கிய பகுதியே போய்விடுகிறது. கோடையில் வெட்டிய முகம் செங்குத்தாக நிற்பதைக் கண்டு "நல்ல கெட்டி மண்" என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். பாதி உலர்ந்த மண்ணின் நுண்துளைகளில் உள்ள நீர், துகள்களை இழுத்துப் பிடிப்பதால் கிடைக்கும் தற்காலிக வலிமை அது. வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்து மண் ஊறியதும் அந்த வலிமை மறைந்துவிடுகிறது. கோடையில் எடுத்த மாதிரியை அப்படியே சோதித்து எழுதும் அறிக்கையும் இதே பிழையைத்தான் செய்யும். ஆகவே மாதிரிகளை நீரில் முழுவதும் ஊறவைத்த பின்னரே வலிமைச் சோதனை செய்ய வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

எவ்வளவு மழைக்குக் கணக்கிடுவது என்பதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அந்த மழையால் ஏற்பட்ட மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 1978-இலும், 1993-இல் மரப்பாலத்திலும் கண்ட மண்சரிவுகளை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் சராசரி மழையை வைத்துக் கணக்கிடுவதை ஏற்க முடியாது.

தடுப்புச்சுவர் கட்டிவிட்டால் போதும் என்ற எண்ணமும் மாற வேண்டும். பின்புறம் சரளை வடிகட்டியும், அடைபடாத நீர்க்கசிவுத் துளைகளும் இல்லாத சுவர், மண்ணோடு நீரின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. சுவரின் வரைபடம் மட்டுமல்லாமல், கூரைநீரும் கழிவுநீர் உறிஞ்சுகுழியின் நீரும் எந்த ஓடைக்குப் போகின்றன என்பதும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

மாவட்டத்தில் அபாயகரமானவை என 283 இடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. மழைக்காலத்தில் மக்களை வெளியேற்ற அந்தப் பட்டியல் மிகவும் பயன்படுகிறது. நாளை வெட்டப்படும் சரிவு அதில் இருக்காது என்பதால், அனுமதி வழங்கும் கட்டத்திலேயே தனிக் கணக்கு தேவைப்படுகிறது. இதற்கான துளையிடலுக்கும் ஆய்வகச் சோதனைக்கும் ஆகும் செலவைச் சிறு வீடு கட்டும் குடும்பத்தின் தலையில் சுமத்தாமல், அரசே ஏற்றுக்கொள்ள வேண்டும். விடுதிகளும் பெருங்கட்டடங்களும் தாமே ஏற்கட்டும்.

இறுதியாக ஒன்று. வெட்டுபவர் ஒருவர், சரிந்தால் மண் விழுவது பெரும்பாலும் கீழே குடியிருக்கும் வேறொருவரின் வீட்டின் மேல். அவருக்கு இன்று அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்வாரில்லை. எனவே ஒவ்வொரு அனுமதியின் சரிவுக் கணக்கும், ஊறிய நிலைக்கான பாதுகாப்புக் காரணியும் எளிய தமிழில் உள்ளாட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கீழேயுள்ள வீட்டார் ஆட்சேபிக்க 30 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். அந்த அவகாசம் முடியும் வரை மண்ணில் இயந்திரம் இறங்கக் கூடாது. வரும் பருவமழைக்கு முன் இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூரில் வசிக்கும் ஒரு கட்டடப் பொறியாளர்