இல்லாத பாட்டை யார் நீக்கினார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சின்னத்திரைப் பக்கத்தில் பிபிசியின் 'லே மிசராபிள்' தொடரைப் பற்றி, 'பிரெஞ்சுப் புரட்சிப் பின்னணியில் நடக்கும் இக்கதையில் பாடல்களை நீக்கிவிட்டது பெருங்குறை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வரியில் இரண்டு பிழைகள். தங்கள் சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

விக்டர் ஹ்யூகோவின் நாவல் 1862இல் வந்தது. அதை வைத்து எழுதிய பாட்டு நாடகம் பாரிசில் மேடையேறியது 1980இல். 2018 டிசம்பரில் தொடங்கிய இந்த ஆறு பகுதித் தொடரை எடுத்தது நாவலிலிருந்து. அதில் இல்லாத பாட்டை ஆண்ட்ரூ டேவிஸ் எப்படி ஐயா நீக்குவார்? (திரைக்கதை எழுதியவர் அவர்தான். விமர்சனத்தில் அவர் பெயரே இல்லை. நடிகைகளின் உடைக்கு ஒரு முழுப் பத்தி.) கதையில் மாணவர்கள் தெருவில் தடுப்பு கட்டிச் சண்டை போடுவது 1789 புரட்சியிலும் அல்ல. காலராவில் இறந்த ஜெனரல் லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் மூண்டு, 1832 ஜூன் 5, 6 என இரண்டே நாளில் அடங்கிப்போன கிளர்ச்சி அது. தாங்கள் அறியாததா? 2012இல் திரைப்படம் வந்தபோதும் தங்கள் பத்திரிகை இதே புரட்சியைத்தான் நடத்தியது. அப்போதும் எழுதினேன், பதிலில்லை.

பேசவேண்டிய விஷயம் வேறு இருந்தது. தொடர் வாட்டர்லூ போர்க்களத்தில் தொடங்குகிறது. பிணங்களைத் துழாவித் திருடும் தெனார்டியே என்ற அயோக்கியனைத் தன் உயிரைக் காத்தவன் என்று நம்பிவிடுகிறார் ஓர் அதிகாரி. நாவலில் இது இரண்டாம் பாகத்தில், போரை விவரிக்கும் 19 அத்தியாயங்களின் கடைசியில்தான் வரும். முன்னால் கொண்டுவந்ததில் லாபம் உண்டு. அவனுக்கு நன்மை செய் என்று அந்த அதிகாரி எழுதிவைத்ததை மதிப்பவன் மகன் மாரியுஸ். சுவர் ஓட்டை வழியே, தெனார்டியே கும்பல் கதாநாயகனான முன்னாள் கைதி வால்ஜானை மடக்குவதைக் கண்டும், போலீசுக்குச் சைகையாகத் துப்பாக்கியை வெடிக்க முடியாமல் அவன் தவிப்பது இதனால்தான். பாட்டு நாடகத்தில் இந்த முடிச்சே கிடையாது.

நஷ்டமும் உண்டு. நாவல் பிஷப்பிடம் தொடங்கும். வால்ஜான் வாசலுக்கு வருமுன்பே அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிந்துவிடும். வெள்ளிப் பாத்திரம் திருடியவனிடம் மெழுகுவத்தித் தண்டுகளையும் எடுத்து நீட்டுவது அவருக்கு இயல்பு என்று படும். தொடரில் பிஷப்பாக நடிக்கும் டெரக் ஜேக்கபி வந்த வேகத்தில் போய்விடுகிறார். இதைக் குறையென்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்து, 1950இல் 'ஏழை படும் பாடு' என்று படமாகவும் வந்த கதை. அதில் வால்ஜானைத் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனைக் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைத்த வாசகர்களுக்கு இப்படியா பாடம் நடத்துவது?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். இடமில்லையென்று இக்கடிதத்தைச் சுருக்கினால், 1832ஐ மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி