நாலு ஹார்லிக்ஸ் பாட்டில்

சிவமயம்
பள்ளத்தூர்

தம்பிக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு நலம். ஆத்தாவுக்கு முழங்கால் அப்படியேதான். உன் ஆபீஸ் நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். இடம் மாற்றி உட்கார வைத்திருப்பார்கள் போல. சரி.

தேவகோட்டை மாமா மகள் போனில் வீடியோ காட்டினாள். இருபது பிள்ளைகள் தரையில் மண்ணைக் குழைத்துப் படம் போடுகிறார்கள், நடுவில் நீ. முழங்கை வரை செம்மண். எம்.சி.ஏ. படித்த கை! ஆத்தா மூன்று தடவை பார்த்தாள். நான் ஒரு தடவைதான். ராத்திரி இன்னொரு தடவை.

சொல்லிக்கொடுத்தது நன்றாகத்தான் இருந்தது. ஈர மண்ணை விரலால் உருட்டச் சொன்னாய். திரியாக நீண்டால் களி, பொலபொலவென்று உதிர்ந்தால் மணல். செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருதான் என்றதும் ஒரு பொடியன் கையை முகர்ந்து பார்த்தானே, கெட்டிக்காரன். ஆனால் உன் பிசின் தண்ணியாக இருக்கிறது; காய்ந்ததும் படம் உதிரும். கருவேலம் பிசினை முதல் நாளே ஊறப்போடு. மண்ணைத் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்து எடு.

அடுத்த வாரம் ஆத்தங்குடித் தரைக்கல் என்றாய். கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுவதைப் பிள்ளைகள் செய்யட்டும். சிமெண்ட் மட்டும் அவர்கள் கையில் வேண்டாம். ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும். ஒரு பிள்ளைக்கு என்ன ஃபீஸ் வாங்குகிறாய்? அங்கே வாடகை என்ன ஆகிறது? சும்மாதான் கேட்டேன். சிமெண்ட் வேண்டாம்.

வீடியோவில் உனக்குப் பின்னால் வரிசையாகப் பாட்டில் இருந்தது. ஆறாவது படிக்கையில் நீயும் முகப்பில் நாலு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருந்தாய். ஊருணி வண்டல், கண்மாய்க் கரம்பை, கொல்லைச் செம்மண், ஆயா வீட்டு மணல். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் சீட்டு. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று காணாமல் போயின. வாசல் தெளிக்கிறவள் தூக்கிப் போட்டுவிட்டாள் என்றேன். நீ அவளோடு மூன்று மாதம் பேசவில்லை.

அவள் இல்லை. நான்தான். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் முகப்பில் சேறா என்று, விடியுமுன் ஊருணிப் படியில் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். கரம்பைப் பாட்டிலில் அடியில் மணல், அதன்மேல் வண்டல், அதற்கும் மேலே களி, கோடு போட்டது மாதிரி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டேதான் கொட்டினேன். நீ காலேஜ் போகுமுன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

வளவில் இப்போது ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன், கொல்லை மண்தான். மூன்று நாளாகிறது, மேல் தண்ணீர் இன்னும் சிவப்பாகவே நிற்கிறது. இப்படியே விட்டுவைக்கவா, திரும்பக் குலுக்கி வைக்கவா? போன் பண்ணிச் சொல். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அப்பச்சி