பலாலிக்கு விமானம் கேட்கும் மகஜர்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சிவா,

உன் கடிதமும் உங்கள் சங்கத்தின் மகஜர் வரைபும் போன கிழமையே கைக்கு வந்துவிட்டன. உடனே பதில் போட முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்தேன். இப்போது நன்றாக இருக்கிறார். கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்புகளை எனக்கு வாசித்துக் காட்டுகிறார். மகன் கம்பஸில் இரண்டாம் வருடம். எங்கள் டிக்கெட் ஏஜென்சியும் வழமைபோலத்தான். ஓகஸ்ட் நெருங்கினால் மூச்சு விட நேரமில்லை, மற்ற மாதங்களில் தொலைபேசி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

சரி, மகஜருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து டுபாய், சிங்கப்பூர், லண்டனுக்கு நேரடி விமானம் வேண்டும், அதற்காக ஓடுபாதையை உடனே நீட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை நியாயமானது. ஆனால் இதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று யோசித்துப் பார் மச்சான். அமைச்சர் வாசித்தால் ஆவன செய்வதாகச் சொல்வார். எந்த ஊருக்கு எந்த விமானத்தை அனுப்புவது என்று ஒரு விமான நிறுவனத்தில் திட்டம் போடும் ஆள் வாசித்தால், இரண்டாம் பந்தியோடு மூடிவைத்துவிடுவார். எங்கள் மண்ணின் பெருமையும் நாங்கள் பட்ட துன்பமும் அதில் இருக்கின்றன. ஆசனங்களை யார், எந்தெந்த மாதத்தில் நிரப்புவார்கள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அவருக்கு வேண்டியது அதுதான்.

கணக்கைப் பார். இந்திய நிறுவனமான இண்டிகோ பலாலிக்கு விடுகிற ஏடிஆர் 72 என்ற சிறிய விமானத்தில் 78 ஆசனங்கள். தினமும் ஒரு சேவை என்றால், போகும் பக்கத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 28,000க்கு மேல் ஆசனங்கள். நீங்கள் கேட்கிற ஏ320 வகை ஜெட்டில் ஏறத்தாழ 180 ஆசனங்கள். அது தினமும் வந்தால் ஒரு பக்கத்துக்கு 65,000ஐத் தாண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நிரம்பி வழியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரட்டாதி மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்ன செய்வது? திருவிழா முடிந்து வெளிநாட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போயிருப்பார்கள். கலியாணம் குறைவு, கூறைச்சீலை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்களும் குறைவு. விமானம் அன்றைக்கும் பறக்க வேண்டும். விமானிக்குச் சம்பளமும் எரிபொருளும் அன்றைக்கும் அதே அளவுதான். அன்று விற்காத ஆசனத்தை அடுத்த நாள் விற்கவும் முடியாது.

எங்கள் ஆட்கள் பயணம் போகாத அந்த மாதங்களில் இந்தியப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தால்தான் சேவை நிலைக்கும். சென்னையிலோ திருச்சியிலோ இருக்கிற ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு ஏன் வர வேண்டும்? நயினாதீவு, கீரிமலை, நல்லூர், நெடுந்தீவு என்று காட்ட எவ்வளவோ இருக்கின்றன. தங்குமிடம், வாகனம், படகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையில் அங்கே விற்பதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் சங்கத்தில் ஹோட்டல்காரரும் இருக்கிறார்கள், வாகனக்காரரும் இருக்கிறார்கள். அமைச்சரிடம் கேட்காமலே அவர்கள் செய்யக்கூடிய வேலை இது.

இன்னொன்று. பலாலிக்குப் போட்டி கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். விமானம் ஒரு ஊருக்குக் கட்டுப்பட்டதில்லை. அதே ஏடிஆரைச் சேலத்துக்கோ புதுச்சேரிக்கோ அனுப்பினால் கூடுதலாக உழைக்கும் என்று தெரிந்தால், அங்கே அனுப்பிவிடுவார்கள். அந்த ஊர்களும் எங்களைப் போலவே விமானத்துக்காகக் காத்துக் கிடந்தவைதான். சேலத்துக்கு 2018இல் சென்னையிலிருந்து விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023இல்தான் மறுபடி வந்தது. புதுச்சேரியில் 2024இன் தொடக்கத்தில் நின்ற சேவை அந்த ஆண்டு டிசெம்பரில் வேறொரு நிறுவனம் வந்த பிறகுதான் திரும்பவும் தொடங்கியது.

இத்தனைக்கும் இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. சிறு நகரங்களுக்கு விமானம் விட உடான் என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, 2017 ஏப்ரலில் சிம்லா–டில்லி விமானத்தோடு தொடங்கினார்கள். ஆசனங்களில் ஒரு பகுதியைக் குறைந்த கட்டணத்தில் விற்க வேண்டும். அதனால் வரும் பற்றாக்குறையை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுசெய்யும். 2023இல் வந்த கணக்காய்வு அறிக்கையை வாசித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. ஆய்வுக்கு எடுத்த 774 வழித்தடங்களில் 371தான் தொடங்கவே செய்தன. அவற்றிலும் 112தான் மூன்று ஆண்டுகளை முடித்தன. சலுகைக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. மானியம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஊர்ச்சனம் விமானத்துக்குப் பழகியிருக்க வேண்டும். பழகாத இடங்களில் மானியத்தோடு விமானமும் போய்விட்டது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மகஜரில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதுதான்.

என் மேசைக்கு வருகிற லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்துச் சனத்தினுடையவை. டிக்கெட்டில் இருப்பதோ கொழும்பு. பதினொரு மணித்தியாலமோ அதற்கு மேலோ பறந்து விடியற்காலையில் கட்டுநாயக்காவில் இறங்கி, பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் ஹயஸ் வானில் ஏறி, இன்னும் ஏழு எட்டு மணித்தியாலம் ஓடி ஊர் போய்ச் சேர்கிறார்கள். விமான நிறுவனத்தின் கணினியில் அவர்கள் எல்லோரும் கொழும்புப் பயணிகள். வான் புத்தளத்தால் போனதும் அநுராதபுரத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்ததும் அந்தக் கணினிக்குத் தெரியாது. ஆகவே திட்டம் போடுகிறவர் யாழ்ப்பாணம் என்று தட்டிப் பார்த்தால், சென்னை, திருச்சிக்கு ஏடிஆரில் போய்வந்த கொஞ்சப் பேர்தான் தெரிவார்கள். மிச்சச் சனம் அவர் கண்ணுக்கே படாது. எங்களிடம் ஆட்கள் இல்லை என்று அவர் முடிவு கட்டினால், அதில் பிழை சொல்ல முடியாது.

அந்தச் சனத்தை எண்ணிக் காட்டுவதுதான் சங்கத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். வான்காரரிடம் போங்கள். எந்தத் திகதியில் எத்தனை பேரை ஏற்றினார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், எந்த ஊரில் இறக்கினார்கள் என்று அவர்களிடம் கொப்பியில் இருக்கும். டிக்கெட் ஏஜென்சிகளிடம் கேளுங்கள். வெள்ளவத்தையில் இருக்கிறவர்களிடம் நானே பேசுகிறேன். பெயர்களோ தொலைபேசி இலக்கங்களோ வேண்டாம், மாதமும் நாடும் ஊரும் போதும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் உறுப்பினர்களிடம் கேட்டு, போன வருடம் எத்தனை குடும்பங்கள் எந்த மாதம் ஊருக்கு வந்தன என்று திரட்டித் தரலாம். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால், எந்த விமான நிறுவனத்தின் முன்னாலும் போய் உட்காரலாம்.

சென்னைக்கு விமானம் இருக்கிறதே, அந்த வழியாக வரலாமே என்று நீ கேட்கலாம். கடையில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–யாழ்ப்பாணம் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் இறங்கிக் குடிவரவைத் தாண்டிப் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கெட் போனதுதான். பெரிய விமானத்தில் கொண்டுவரும் பொதி அளவைச் சிறிய விமானத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. மேலதிகப் பொதிக்குக் கட்டும் காசு சில நேரம் டிக்கெட் விலையை எட்டிப் பிடிக்கும். சகோதரத்துக்குச் சாமான் கொண்டுவராமல் யார் ஊருக்கு வருவார்கள்? லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே டிக்கெட், பெட்டி நேராகப் பலாலியில் வந்து விழும் என்ற ஏற்பாடு இந்திய நிறுவனங்களுக்கும் ஐரோப்பிய, வளைகுடா நிறுவனங்களுக்கும் இடையே வந்தால், ஓடுபாதையில் ஒரு கல்லும் வைக்காமல் பலாலியின் பயணிகள் கூடுவார்கள். இதை மகஜரின் முதல் கோரிக்கையாகப் போடுங்கள்.

ஓடுபாதையைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஏ320 இறங்குவதானால் நீட்டவும் பலப்படுத்தவும் வேண்டும், உண்மை. அந்த ஓடுபாதை எந்தக் காணிகளை நோக்கி நீளும்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனத்தில் இன்னும் சொந்த வளவுக்குள் கால் வைக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பது உனக்கு என்னைவிடத் தெரியும். அவர்களுடைய காணி உறுதிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஓடுபாதையை நீட்டு என்று கேட்கிற மகஜரில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

நீளமான ஓடுபாதை மட்டும் விமானத்தைக் கொண்டுவராது என்பதற்குத் தெற்கில் அம்பாந்தோட்டைப் பக்கத்து மத்தளை விமான நிலையம் இருக்கிறது. 2013 மார்ச்சில் திறந்தார்கள். 209 மில்லியன் டொலர் செலவு, 3,500 மீற்றர் ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்கான கட்டடம். 2015 ஜனவரியில் ஸ்ரீலங்கன் விலகியது, 2018இல் ஃபிளைடுபாயும் போய்விட்டது. இடையில் சரக்குக் கூடத்தில் நெல் சேமித்தார்கள். யாலவுக்கும் அறுகம்பைக்கும் உல்லாசப் பயணிகள் வராமலா இருந்தார்கள்? வந்தார்கள், கட்டுநாயக்காவால் வந்தார்கள். அவர்களுடைய விமானங்கள் அங்கேதான் இறங்கின. 2020இல் தெற்கு அதிவேக வீதியும் அம்பாந்தோட்டை வரை போன பிறகு, மத்தளையில் இறங்க இருந்த ஒரு காரணமும் இல்லாமல் போனது.

எங்கள் நிலைமை அதைவிட எவ்வளவோ நல்லது. பலாலியைச் சுற்றிச் சனம் இருக்கிறது, உலகம் முழுக்க அந்தச் சனத்தின் உறவு இருக்கிறது. பழைய பழக்கமும் இருக்கிறது: 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. இந்த நாட்டின் முதல் தேசிய விமான சேவையே எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு தொடங்கியது. அதை நினைக்கிற போதெல்லாம் எனக்கு ஒரு வேகம் வருகிறது.

ஆனால் சிறிய நிலையம் என்றால் முதலில் மூடுவார்கள், கடைசியில் திறப்பார்கள். 2019 நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. பலாலிக்கு விமானம் திரும்பி வந்தது 2022 டிசெம்பரில். இண்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும் 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. இப்போது கையில் இருக்கிற இந்தச் சேவைகளை மெலிந்த மாதங்களில் காப்பாற்றுவது, டுபாய் விமானம் கேட்பதைவிட அவசரமானது. சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களில் திகதியை மாற்றக்கூடியவர்கள் புரட்டாதியில் போகட்டும். கோயில் யாத்திரைக் குழுக்களும் அப்படியே.

அமெரிக்காவில் விச்சிட்டா என்ற நகரம் 2002இல் குறைந்த கட்டண நிறுவனம் ஒன்றை அழைத்தபோது, வருமானம் குறைந்தால் ஈடுசெய்வதாக நகரம் உறுதி கொடுத்தது. இன்ன தொகைக்கு டிக்கெட் வாங்குவோம் என்று வியாபாரிகளும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் தரையிறங்கும் கட்டணத்தையோ வரியையோ குறைக்கும் அதிகாரம் மாநகர சபைக்கு இல்லை, அது கொழும்பின் கையில். ஒரு மணித்தியாலப் பறப்புக்கு டிக்கெட்டில் வரியின் பங்கு எவ்வளவு பாரமானது என்பதைக் கொழும்புக்குச் சொல்ல வேண்டும்தான். ஆனால் டிக்கெட் வாங்குவதாக வாக்குக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு இராசகோபுரத்துக்கு நாலு நாட்டிலிருந்து காசு சேர்க்கத் தெரிந்த ஊர், ஐந்நூறு குடும்பங்களிடம் இந்த வருடம் பலாலியால்தான் வருவோம் என்று எழுதி வாங்க முடியாதா?

வரைபை ஓரங்களில் திருத்தி இதோடு அனுப்புகிறேன். சிவப்பு மையில் வெட்டியதைப் பார்த்து உங்கள் தலைவர் கோபிக்க வேண்டாம் என்று சொல்லு; அவருடைய முன்னுரையை முழுக்க விட்டிருக்கிறேன். வான்காரரின் கணக்கை எழுத ஒரு படிவமும் வைத்திருக்கிறேன். அதைப் பிரதி எடுத்து, முதலில் நீ அறிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துப் பார். எந்தக் கட்டத்தை நிரப்பக் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுதினால் மாற்றித் தருகிறேன். பங்குனியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதற்குள் மூன்று மாதக் கணக்காவது சேர்ந்திருந்தால் கூட்டத்தில் நானும் வந்து பேசுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு. உன் தங்கச்சியின் மகளுக்குச் சோதனை முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
ரவி