தயிர் உறையாத பால்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் பெகுவுக்குப் பக்கத்தில் 7 மாடுகள் வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள் நான். போன மழைக்காலத்தில் கைக்குழந்தை உள்ள இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் வந்து, "அக்கா, உங்கள் பாலில் தயிர் உறையவே இல்லை" என்றார்கள். குழந்தைக்கு ஒரே மாட்டுப் பால் வேண்டும் என்று கேட்டதால், அந்த இரண்டு வீட்டுக்கும் வெள்ளச்சியின் பாலைத் தனியாக ஊற்றி வந்தேன். தண்ணீர் கலந்தேன் என்று நினைத்துவிட்டார்களே என்று எனக்கு அழுகை வந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. நான் மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பாலில் இறங்கியிருக்கிறது. உறை மோரில் உள்ள நல்ல கிருமியைக்கூட அது வளரவிடவில்லை. காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாதாம்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளச்சி கன்று ஈன்று ஒரு நாள் ஆகியும் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழவில்லை. 12 மணி நேரத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியப்பா நஞ்சுக்கொடியில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்கும் விழாமல், கையை விட்டு இழுத்தார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் எல்லோரும் செய்வதும் அதுதான். 3-ஆம் நாள் செங்காவி நிறத்தில் நீர் ஒழுகியது. கொட்டகைக்குள் நிற்க முடியாத நாற்றம். முந்தைய வருஷம் வேறு மாட்டுக்கு வாங்கி மிஞ்சிய, கிருமியை அடக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி மருந்து பாட்டில் வீட்டில் இருந்தது. 2 நாள் போட்டேன். நாற்றம் குறைந்ததும் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த மாட்டுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன். 8-ஆம் நாள் மாடு தீனியைத் தொடவில்லை. அதே மருந்தை மறுபடி போட்டேன், கேட்கவில்லை. பாலை மட்டும் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

டவுனிலிருந்து மாட்டு சயா (மாட்டு டாக்டர்) வந்து பார்த்தபோது காய்ச்சல் 105 டிகிரி. ஈன்ற மாட்டின் கருப்பைக்குள் கிருமி போவது சகஜம், பெரும்பாலான மாடுகள் தாமே அதை வெளியேற்றிவிடும் என்றார். நஞ்சை இழுத்தால் உள்சுவர் கிழிந்து கிருமிக்கு வழி திறந்துவிடுமாம். நஞ்சு விழவில்லை என்பதற்காக மட்டும் ஊசி வேண்டாம். காய்ச்சல், நாற்றம், தீனி எடுக்காமை என்று இருந்தால் உடனே கூப்பிடு, போட ஆரம்பித்தால் சொன்ன நாள் வரை போடு என்றார். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கும். அந்தக் குணத்தை மற்றக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடும். கருப்பையில் சீழ் வைக்கும் ஈ.கோலை என்ற கிருமியின் இனம் நம் குடலிலும் இருக்கிறதே! சாணி அள்ளும் கையால்தானே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம்? வெள்ளச்சிக்கும் இப்படித்தான் ஆனதா என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றும் சயா சொன்னார்.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோதே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார் என என் மகள் படித்துக் காட்டினாள். இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு எங்கள் கொட்டகைக்கு வந்து சேரவில்லை. பாட்டிலில் இருப்பது பொடி எழுத்து ஆங்கிலம். கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, எத்தனை கிலோ மாட்டுக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள், பால் எத்தனை நாள் ஆகாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் தமிழில் போடுங்கள். கத்தரித்துக் கொட்டகையில் ஒட்டிவைக்கும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

வெள்ளச்சி பிழைத்துக்கொண்டது. 3 முறை சினை ஊசி போட்டும் இன்னும் சினை நிற்கவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு வீட்டில் இப்போதும் என்னிடம்தான் பால் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பால்காரி,
பெகு