ரத்தான கோல் சண்டை: அட்மின் குறிப்பு

நண்பர்களே, நேற்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் ரத்தான நம்ம அணியின் அந்த இரண்டாவது கோலுக்காக விடிய விடிய ரெஃப்ரியை வறுத்தெடுத்தாச்சு. போதும். அவர் வீட்டு விலாசம் கேட்டவரின் பதிவை நீக்கிவிட்டேன். அடுத்த முறை ஆளையே நீக்குவேன்.

என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) விதிப்படி பக், அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டு, ஆட்டக்காரரின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பி உள்ளே போனால் கோல்தான். காலை வீசி உதைத்தால்தான் செல்லாது. ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: நம்ம பையனின் வலது கால் ஐஸை விட்டு எழும்பி முன்னால் போகிறது. எனக்கும் வயிறு எரியுது, ஆனால் அது உதைதான்.

மூன்றாவது பீரியட் ஆஃப்சைடு (பக்குக்கு முன்பே எதிரணிப் பகுதிக்குள் நுழைவது) வேறு கதை. பக் அந்தப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டும்போது ஆட்டக்காரரின் பின்கால் கோட்டில் இருந்ததா என்பது அந்த மங்கல் கேமராவில் கடவுளுக்கே தெரியாது! அதற்குச் சனிக்கிழமை ஆட்டம் வரை தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் ஆளுக்கு ஒன்று மட்டும்.