மாத்திரையோடு கண் பரிசோதனையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூன்று வேளையும் அரிசியையே உண்டு பழகிய தஞ்சை மாவட்டத்துக்காரன் நான். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்கிறேன். பார்வை தெளிவாக இருந்ததால் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதேயில்லை. சென்ற ஆண்டு கண்ணாடி மாற்றப் போனபோது, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து பார்த்த மருத்துவர், சர்க்கரை நோயால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் கசிவு இருப்பதாகச் சொன்னார்.

அதன்பின் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, கீரை, அவரை, சுண்டல், மீன் ஆகியவற்றைக் கூட்டினேன். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு இது எளிதன்று. மாப்பிள்ளைச் சம்பா என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்போர் இங்கே பலர். அதுவும் அரிசிதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறும் என்பதை என் குளுக்கோமீட்டரே காட்டிவிட்டது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 9.4 சதவீதத்திலிருந்து 7.1 சதவீதத்துக்கு இறங்கியது, ஆயினும் லேசர் சிகிச்சை தேவைப்படத்தான் செய்தது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனையையும் அந்தந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ள அரசு வழிசெய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறச் சொன்னால், கண் நன்றாகத் தெரிகிற எவரும் ஏறமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவையாறு