கிரியேட்டினின் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

என் மாமாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.0 என்று ரிப்போர்ட் வந்ததும் கிட்னிக்கு ஒன்றுமில்லை என நிம்மதியானோம். சிறுநீர் நுரைத்துப் போனதை, வெயில் சூடு என்று அவர் சொல்லவேயில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடிக்கிறது. அதிலுள்ள ரத்த நுண்குழாய்களுக்கு இடையிலுள்ள திசு பெருத்து, சிலருக்கு முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. அந்த முடிச்சுகளை மருத்துவர்கள் கிம்மல்ஸ்டீலும் வில்சனும் 1936-லேயே விவரித்துவிட்டார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது சேதம் முற்றியிருக்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம்தான்; மாமா கண்ட நுரைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீரிலுள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினால் உஷாராக வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் மாத்திரையோடு, வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனைக்குச் சிறுநீர் டப்பாவும் கொண்டுவரலாமே?

- ஒரு வாசகி, திருமங்கலம்